கான்கிரீட் தரையை அறுக்கும் நேரம்



பால்மரம் சீவிப் பழகிய கைகளுக்கு நேரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பொழுது ஏறுவதற்குள் மரத்தில் கத்தி வைத்தால்தான் பால் தாராளமாக இறங்கும். வெயில் ஏறிய பிறகு சீவினால் பால் குறைந்துவிடும். கத்தி மேலோடு போனால் பயனில்லை. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். காயாக வெட்டினால் எண்ணெய் இல்லை. பழுத்து உதிர்ந்த பிறகு வெட்டினால் உதிரிப் பழம் பொறுக்கி மாளாது. எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது, எப்போது வெட்டுவது என்ற மூன்றும் தெரிந்தவரே நல்ல வேலைக்காரர்.

இன்று நாம் பேசப்போவதும் ஒரு வெட்டைப் பற்றித்தான். ஆனால் அது மரத்தில் வைக்கிற வெட்டு அல்ல. புதிதாகப் போட்ட கான்கிரீட் தரையில், வட்ட ரம்பத்தால் நேர்க்கோடாக அறுக்கிற வெட்டு.

யோங் பெங் பக்கம் வாழ்கிறவர்களுக்குச் சாலை புதிதல்ல. சிகாமட், லாபிஸ், சாஆ வழியாக வரும் பழைய பெருஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுத்தான் ஆயர் ஈத்தாமுக்கும் ஜொகூர் பாருவுக்கும் போகிறது. மூவாரிலிருந்து பாரிட் சூலோங் வழியாக வரும் சாலையும் இங்கேதான் வந்து சேருகிறது. 1994-ஆம் ஆண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் முன்பு, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய விரைவுப் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நின்றுபோகிற ஊர் இது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்கள், கையிலிருக்கும் சேமிப்பைப் போட்டு வீட்டு முன்புறத்தைக் கான்கிரீட் ஆக்குகிறார்கள். கோவில் முற்றத்துக்கும் பள்ளி முற்றத்துக்கும் ஊர் கூடிப் பணம் திரட்டுகிறது. ஆகவே இது என்ஜினியர்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். நம் வியர்வையும் நம் வெள்ளியும் அந்தத் தரையில் இருக்கின்றன.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். நன்றாக இருக்கிற தரையை ஏன் அறுக்க வேண்டும்?

கான்கிரீட் என்பது சிமெண்டு, மணல், கல், தண்ணீர் நான்கும் சேர்ந்த கலவை. அது இறுகும்போது சுருங்கும் இயல்புடையது. வெயிற்காலத்தில் வயல் சேறு காய்ந்து பாளம் பாளமாகப் பிளப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? கான்கிரீட் அந்த அளவு சுருங்குவதில்லை. நாளாவட்டத்தில் ஈரம் வற்றும்போது மீட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் சுருங்கும். கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் 12 மீட்டர் நீளமுள்ள முற்றத்தில் இது 6 மில்லிமீட்டர் ஆகிறது. ஒரு விரல் நுழையாவிட்டாலும் ஒரு பென்சில் முனை நுழையும்.

இதோடு சூடும் சேர்கிறது. சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது உள்ளேயே வெப்பம் பிறக்கிறது. நம் நாட்டு வெயிலும் மேலே விழுந்தால், சாலைக்குப் போடும் தடித்த கான்கிரீட் பிற்பகலில் 50 டிகிரி செல்சியசைத் தொடுவதும் உண்டு. இரவில் அது 25 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் நீளத் தரை அந்த ஓர் இரவிலேயே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் குறுகப் பார்க்கும்.

குறுகுவதில் குற்றம் இல்லை. குறுக விடாமல் அடித்தரை பிடித்துக்கொள்வதுதான் தொல்லை. கீழே உள்ள கல்லும் மண்ணும் கான்கிரீட்டைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. தரை தன்னை உள்ளே இழுக்கிறது. அடித்தரை விடமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் கான்கிரீட் இழுவிசைக்கு ஆளாகிறது. அமுக்கும் பாரத்தைத் தாங்குவதில் கான்கிரீட் வல்லது. இழுப்பைத் தாங்குவதில் அதன் வலிமை அதில் பத்தில் ஒரு பங்குதான். அதுவும் பிறந்து சில மணி நேரமே ஆன கான்கிரீட் என்றால் கேட்கவே வேண்டாம். எங்காவது ஓரிடத்தில் அது பிளந்தே தீரும்.

அந்தப் பிளவைத் தடுக்க நம்மால் முடியாது. ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்று நாம் சொல்லலாம். கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு நறுக்குப் போட்டு இழுத்தால், துணி அந்த நறுக்கின் வழியே நேராகக் கிழிகிறது. நறுக்கு இல்லாமல் இழுத்தால் கோணல்மாணலாகக் கிழிகிறது. தரையில் வைக்கும் வெட்டும் அந்த நறுக்கைப் போன்றதே. தடிப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அறுத்து, அந்தக் கோட்டைப் பலவீனப்படுத்துகிறோம். பிளவு அந்த வெட்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், நேர்க்கோடாக இறங்கிவிடுகிறது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெல்ஃபான்டேன் என்னும் சிற்றூரில் 1891-ஆம் ஆண்டு கான்கிரீட் பாதை போட்டார்கள். அந்நாட்டின் முதல் கான்கிரீட் தெரு என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தெருவையே சதுரம் சதுரமாகப் பிரித்துத்தான் போட்டார்கள். அதன் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. பிறகு இல்லினாய் மாநிலத்தில் பேட்ஸ் என்னும் இடத்தில், 1920-களின் தொடக்கத்தில், சோதனைக்கென்றே ஒரு சாலை போட்டு, அதன்மேல் பார லோரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அகலமான சாலை நடுவே நீளவாக்கில் பிளப்பதைக் கண்டு, நடுவில் ஒரு பொருத்துக் கோடு விடும் வழக்கம் பரவியது. வைர முனை பதித்த ரம்பம் வந்த பிறகு, கான்கிரீட் இறுகியபின் அறுப்பது எளிதாயிற்று.

இந்தியாவிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மும்பைக்கும் புனேவுக்கும் இடையே 2002-இல் கட்டி முடிக்கப்பட்ட விரைவுச் சாலை, ஆறு தடங்களும் கான்கிரீட்டால் ஆனது. இந்தியக் கான்கிரீட் சாலைகளில் குறுக்கு வெட்டுகளுக்கு இடையே நாலரை மீட்டர் விடுவது வழக்கம். அந்தக் கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்கு 222 குறுக்கு வெட்டுகள் வருகின்றன. பகலில் 500 மீட்டர் சாலை போட்டால் அன்று மாலையும் இரவுமாக 111 வெட்டுகளை முடித்தாக வேண்டும். கான்கிரீட் போடுகிறவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, விளக்கு வெளிச்சத்தில் ரம்பத்தோடு நிற்கும் தொழிலாளரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சாலையின் ஆயுள் அன்றிரவு அவர் கையில் இருக்கிறது.

இப்போது நம் தலைப்புக்கு வருகிறோம். எப்போது அறுப்பது?

சீக்கிரம் அறுத்தால் என்ன ஆகும்? கான்கிரீட் இன்னும் இளசாக இருக்கும். ரம்பம் ஓடும்போது சிமெண்டுப் பசை கல்லைப் பிடித்துக்கொள்ளாது. ஓரத்திலுள்ள கற்கள் பெயர்ந்து வரும்; வெட்டின் விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி ஆகிவிடும். பிறகு வண்டிச் சக்கரம் ஏற ஏற அந்த விளிம்பு மேலும் உதிரும்.

தாமதமாக அறுத்தால்? விளிம்பு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் தரை தன் விருப்பப்படி பிளந்திருக்கும். சில சமயம் ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு முன்னால் பிளவு ஓடுவதைப் பார்க்கலாம். அப்படிக் கண்டால் அந்தக் கோட்டில் அறுப்பதை உடனே நிறுத்த வேண்டும். பிளவுக்குப் பக்கத்தில் இன்னொரு வெட்டுப் போடுவதால் ஒரு கோடு இரண்டாகுமே தவிர வேறு லாபம் இல்லை.

ஆக, இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவேளை இருக்கிறது. தண்ணீர் ஊற்றி அறுக்கும் வழக்கமான ரம்பத்துக்கு, மேற்பரப்பைத் தேய்த்து முடித்ததிலிருந்து, வெப்பமான நாளில் ஏறத்தாழ 4 மணி நேரம், குளிர் நாட்டில் 12 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இன்னொரு வகை ரம்பம் புழக்கத்துக்கு வந்தது. எடை குறைந்த அந்த ரம்பத்தின் அடித்தகடு, வெட்டின் இரு பக்கத்தையும் அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் விளிம்பு பெயராது. அதைக் கொண்டு வெப்ப நாளில் ஒரு மணி நேரத்திலும், குளிரில் 4 மணி நேரத்திலும் அறுக்கத் தொடங்கலாம். முந்தி அறுப்பதால் 25 மில்லிமீட்டர் ஆழமே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

கடிகாரம் வழிகாட்டுமே தவிர முடிவு சொல்லாது. தோசை மாவு எத்தனை மணிக்குப் பொங்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ‘வெயிலைப் பொறுத்தது’ என்றுதான் பதில் வரும். கான்கிரீட்டுக்கும் அப்படியே. ஆகவே கையால் சோதிக்க வேண்டும். ஓர் ஆணியை எடுத்துத் தரையின் ஓரத்தில் கீறிப் பாருங்கள். கீறல் ஆழமாக இறங்கி, மணல் பெயர்ந்து வந்தால் இன்னும் நேரமாகவில்லை. மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் நேரம் நெருங்கிவிட்டது. பிறகு ஒரு சிறு நீளம் அறுத்துப் பார்க்க வேண்டும். கற்கள் பெயர்ந்து வந்தால் நிறுத்தி, சற்று நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும். விளிம்பில் மிகச் சிறு உதிர்வு மட்டும் இருந்தால் தொடங்கிவிடலாம். முழு அழகுக்காகக் காத்திருப்பது ஆபத்து. அழகு வரும்போது பிளவும் வந்துவிடும்.

கல்லின் வகையையும் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக் கல் மென்மையானது. ரம்பம் அதை எளிதாக அறுத்துக்கொண்டு போகும். கருங்கல் கடினமானது. பசை போதிய அளவு இறுகாத நிலையில் ரம்பம் கருங்கல்லில் மோதினால், கல் அறுபடாமல் பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே கருங்கல் கலந்த கான்கிரீட்டுக்குச் சற்றே கூடுதல் பொறுமை வேண்டும்.

நம் ஜொகூர் வானிலையில் கவனிக்க வேண்டியது பிற்பகல் மழை. காலை 9 மணிக்குக் கான்கிரீட் போடுகிறோம். நண்பகல் வெயிலும் உள்வெப்பமும் ஒன்றுசேர்ந்து தரையைச் சூடாக்குகின்றன. மூன்று நான்கு மணிக்கு வானம் கறுத்து, இடியோடு மழை கொட்டுகிறது. சூடான கல்சட்டியில் குளிர்ந்த தண்ணீர் விட்ட கதைதான். மேற்பரப்பு திடீரென்று குளிர்ந்து சுருங்குகிறது. நாம் எதிர்பார்த்த இடைவேளை சட்டென்று குறுகிவிடுகிறது. மழை விட்டதும் டீ குடித்துவிட்டு வரலாம் என்று போகிறவர், திரும்பி வரும்போது பிளவைத்தான் பார்ப்பார். மழைக்கு முன்பே பிளாஸ்டிக் விரிப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மழை நின்ற உடனே கீறல் சோதனை செய்ய வேண்டும். பலத்த காற்று வீசும் நாளும் இப்படியே. காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு போய்விடும்.

கோடுகளை எந்த வரிசையில் அறுப்பது என்பதும் முக்கியம். முதலில் போட்ட கான்கிரீட்டை முதலில் அறுக்க வேண்டும். நீண்ட பாதையாக இருந்தால், மூன்று நான்கு கோடுகளுக்கு ஒன்றாக முதலில் அறுத்து இழுப்பைத் தணித்துவிட்டு, பிறகு இடையில் விட்டவற்றை முடிப்பார்கள். ரம்பம் வேலைக்கு நடுவே கெட்டுப்போனால் அந்த இரவே வீணாகும். ஆகவே பெரிய வேலையில் மாற்று ரம்பமும், மாற்றுத் தகடும் பக்கத்தில் இருப்பது விதி.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்துக் கோவிலுக்கு முன்னால் 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்தில் முற்றம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தடிப்பு 100 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குலம். கான்கிரீட் ஏறத்தாழ 11 கன மீட்டர் தேவை. தடிப்பைப்போல் 24 முதல் 36 மடங்கு வரை இடைவெளி விட்டு அறுக்கலாம் என்பது தரைகளுக்கான பொது விதி. இங்கே அது 2.4 முதல் 3.6 மீட்டர். நாம் 3 மீட்டர் வைத்துக்கொள்வோம். அகலவாக்கில் மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் 9 மீட்டர். நீளவாக்கில் இரண்டு கோடுகள், ஒவ்வொன்றும் 12 மீட்டர். மொத்தம் 51 மீட்டர் வெட்டு. ஆழம் 25 மில்லிமீட்டர். முற்றம் 12 சதுரங்களாகப் பிரிகிறது. சதுரமாக இருப்பதே நல்லது. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்டால் அந்தக் கட்டம் நடுவில் பிளக்கும். தூண், சாக்கடை மூடி போன்றவற்றின் மூலைகளிலிருந்துதான் பிளவு கிளம்பும். ஆகவே கோடுகள் அந்த மூலைகளைத் தொட்டுப் போகுமாறு முன்கூட்டியே வரைந்துகொள்ள வேண்டும்.

51 மீட்டர் என்பது சிறிய வேலைதான். ஆனால் இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. ‘கவலைப்படாதீங்க அண்ணே, ரெண்டு நாள் கழிச்சு மிஷினோட வந்து கோடு போட்டுத் தர்றேன்’ என்று குத்தகையாளர் சொல்லிவிட்டுப் போவார். இரண்டு நாள் கழித்துப் போடும் கோடு வெறும் அலங்காரம். பிளவு அதற்கு முன்பே உள்ளே ஆரம்பித்துவிட்டிருக்கும். சில வாரங்களில் கோட்டுக்குப் பக்கத்திலேயே கோணலாக வெளிப்படும். ‘பி.ஆர்.சி. கம்பி வலை போட்டிருக்கிறோமே, பிளக்காது’ என்பது இன்னொரு பேச்சு. கம்பி வலை பிளவைத் தடுப்பதில்லை. பிளந்த பிறகு இரு பக்கத்தையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வலை இருந்தாலும் வெட்டு வேண்டும்.

ரம்பம் கிடைக்காவிட்டால் கவலை இல்லை. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே, பள்ளக் கரண்டியால் அதே ஆழத்துக்குக் கோடு இழுத்துவிடலாம். அல்லது பலகை வைத்து ஒன்று விட்டு ஒன்றாகச் சதுரங்களைத் தனித்தனியே போடலாம். சிறு முற்றத்துக்கு இவை மலிவான, நம்பகமான வழிகள்.

எந்த வழியானாலும், தரையை ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். நனைத்த கோணிச் சாக்கு போதும். அறுப்பதற்காகச் சாக்கை எடுத்தால், அறுத்து முடித்த இடத்தில் உடனே திரும்பப் போட வேண்டும். வெட்டுக்குள் தங்கும் சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

ஒரு பிளவு விழுந்துவிட்டால் உலகம் முடிந்துவிடாது. அதைச் சுத்தம் செய்து அடைத்துவிடலாம். ஆனால் அடைக்காமல் விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். மேலே லோரி ஏறி இறங்கும்போது அந்த நீர் அடிமண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியே பீய்ச்சும். நாளடைவில் அடியில் குழி விழுந்து, தரை ஆடத் தொடங்கும். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2023 மார்ச் மாதத்தில் யோங் பெங் வட்டாரம் பட்ட பாட்டையும் மறந்திருக்கமாட்டோம். நீர் தேங்கும் மண்ணில் திறந்த பிளவு என்பது திறந்த புண்.

கடைசியாக, ரம்பம் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கான்கிரீட்டை உலர்வாக அறுக்கும்போது எழும் வெண்புழுதியில், கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் இருக்கிறது. அது நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்கும். வந்தால் குணமாகாத நோய் அது. 1997-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தத் துகளைப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். உலர் ரம்பமானால் புழுதி உறிஞ்சும் கருவி இணைந்திருக்க வேண்டும். வாயில் கட்டும் கைக்குட்டை இதற்கு ஆகாது. நுண்புழுதியைத் தடுக்கும் முறையான முகக்கவசம் வேண்டும். கண்ணாடி, காது மூடி, முழங்கால்வரை காலணி, கையுறை ஆகியவையும் வேண்டும். ஈரச் சிமெண்டு தோலை அரித்துப் புண்ணாக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. இந்தச் சாதனங்களுக்கு முதலாளி தொழிலாளியிடம் காசு பிடிக்கக்கூடாது என்று மலேசியாவின் 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கேட்பது உரிமை, கெஞ்சல் அல்ல.

நேயர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டிலோ கோவிலிலோ பள்ளியிலோ கான்கிரீட் போட ஏற்பாடு நடந்தால், பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கோடுகள் எங்கே வரும்? ஆழம் எவ்வளவு? அன்றைக்கே அறுக்க ரம்பமும் ஆளும் இருக்கின்றனவா? மழை வந்தால் என்ன ஏற்பாடு? இந்த நான்குக்கும் நேரான பதில் சொல்கிற குத்தகையாளரிடம் வேலையை ஒப்படையுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.